படகு வாங்குமுன்: கரையும் வலையும் கடனும்

மீனவக் குடும்பம் ஒன்று தன் ஆயுளில் போடும் மிகப் பெரிய முதல், பல ஊர்களில் வீட்டையும் மிஞ்சி, படகில்தான் போகிறது. ஃபைபர் படகு, என்ஜின், வலை என்று சேர்த்தாலே பல லட்சம் ஆகிறது. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு கோடியைத் தொடும். இத்தனை பணம் புரளும் காரியத்தில் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றுகிறது: எத்தனை அடி, என்ன விலை? அவை இரண்டும் கடைசியில் கேட்க வேண்டியவை என்பதே என் வாதம். எந்தக் கரையிலிருந்து இறங்கப் போகிறோம், எந்த மீனுக்கு எந்த வலை, கூட வருகிற ஆட்கள் யார், யாருடைய பணம் என்ற நான்கையும் முடிவு செய்துவிட்டால் நீளமும் விலையும் தாமே வந்து பொருந்தும். இந்த நான்கில் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. உளுத்த பலகையைத் தச்சரிடம் சொல்லி மாற்றிவிடலாம். கடன் வாங்கும்போது தலையாட்டிய நிபந்தனையை அப்படி மாற்ற முடிவதில்லை.

முதலில் கரை. தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கடற்கரை ஒரே குணம் உடையதன்று. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை உடைந்து மோதும். துறைமுகமோ கழிமுகமோ இல்லாத ஊரில் படகு அந்த அலையைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், திரும்பிவந்து மணலில் ஏறவும் வேண்டும். கட்டுமரம் அங்கே காலங்காலமாக நிலைத்ததற்குக் காரணம் உண்டு. நீர் உள்ளே தேங்க அதில் இடமில்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்து மரங்களைத் தனித்தனியே காயவைக்கலாம். பாக் நீரிணையில் கதை வேறு. நீர் ஆழமில்லாதது, அடியில் சேறு, அலையும் சிறியது. அங்கே குறைந்த நீரில் மிதக்கும் வத்தை போன்ற கலங்கள் வளர்ந்தன. மன்னார் வளைகுடாவில் காற்றும் பாறைத் திட்டுகளும் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்து வள்ளம் அந்தக் கடலுக்கேற்ப உருவானது. குமரியின் மேற்குக் கரையோ தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கொந்தளிக்கும். ஒரு கரையில் சோறு போட்ட படகு இன்னொரு கரையில் மணலில் குந்திக்கொண்டு வட்டி தின்னும். மலிவாகக் கிடைக்கிறது என்று தூரத்துத் துறைமுகத்திலிருந்து பழைய படகு வாங்குகிறவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

கரையும் கலமும் என்ஜினும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன் அதில் உடையலையைத் தாண்டும் படகுகளை வடிவமைத்தார். படகு மிதப்பதில் அவருக்குத் தொல்லை இல்லை. மணலில் ஏறும்போது சுழலிக்கும் சுக்கானுக்கும் அடிபடாமல் காப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நீர்புகாப் பெட்டிக்குள் என்ஜினை வைத்து, சுழலியோடு சேர்த்து மேலே தூக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பின்னாளில் சோழமண்டலக் கரை முழுக்கப் பரவிய சிறு டீசல் என்ஜின், நீண்ட தண்டின் முனையில் சுழலியை வைத்து, கரை நெருங்கியதும் கையாலேயே தூக்கிவிடும் அமைப்பாக, அதே சிக்கலை மலிவாகத் தீர்த்தது. ஆகவே திறந்த கரையில் இருப்பவர் படகைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளோடு போக வேண்டும்: சுழலி தூக்க வருமா, வெறும் படகின் எடை என்ன, அதை நாள்தோறும் மேடேற்ற என் ஊரில் டிராக்டரோ ஆளோ உண்டா?

அடுத்தது வலை. வஞ்சிர வலைக்கும் நண்டு வலைக்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் இழுவலைக்கும் படகில் வேண்டிய இடம் வேறு, ஆள் வேறு, பனிக்கட்டி வேறு. இதில் சட்டமும் நுழைகிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டு வந்தது. கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. 2020இல் வந்த விதிகள் படகின் நீளத்துக்கு 24 மீட்டரும் என்ஜினுக்கு 240 குதிரைத்திறனும் என்று உச்சவரம்பு வைத்தன. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்குத் தடை இருக்கிறது. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், பகலில் மட்டும் என்ற கட்டுப்பாடுகளோடு இடைக்கால அனுமதி தந்தது. ஒரு வலையை நம்பியே படகு வாங்குபவர், அந்த வலையின் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். ஊர்ப் பஞ்சாயத்தின் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. அரசு அனுமதித்த வலையை ஊர் அனுமதிக்காத இடங்கள் உண்டு. ஊரை எதிர்த்துக் கரையில் படகு ஏற்ற முடியாது.

வருமானக் கணக்கு போடுகிறவர்கள் நாட்களை எண்ண மறக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுகளுக்கு நான்கு நாள் என்று கடலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. தடைக்காலம் போக மிஞ்சும் 43 வாரத்தை மூன்றால் பெருக்கினால் 129 நாள். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், பழுது, பண்டிகை எல்லாம் அதிலிருந்தும் கழியும். ‘ஒரு நாளைக்கு இவ்வளவு வரும்’ என்று விற்பவர் சொல்லும் தொகையை 300ஆல் பெருக்கிப் பார்த்துக் கடன் வாங்கினால் முதல் ஆண்டிலேயே மூச்சு முட்டும்.

என்ஜின் விஷயத்தில் ஆசை அறிவை முந்துகிறது. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் சாதாரணப் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை போடுகிறது. நீர்க்கோட்டில் படகு எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். 36 அடிக்கு 8 நாட், அதாவது மணிக்கு 8 கடல்மைல். அந்த எல்லையை நெருங்கிய பிறகு குதிரைத்திறனை இருமடங்காக்கினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும், டீசல் மட்டும் தாறுமாறாக ஏறும். டீசல் என்ஜின் முழுச்சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 10 குதிரைத்திறனுக்கு இரண்டரை லிட்டர். 120க்கு 30 லிட்டர். வேகத்தில் ஒரு நாட் குறைத்தால் மிச்சமாகும் டீசல் பெரிது என்பதைக் குல்பிரான்சன் தம் கையேடுகளில் வலியுறுத்திவந்தார். எனக்கும் அதில் ஐயமில்லை. மீனை முதலில் கரைசேர்த்தவனுக்கு நல்ல விலை என்ற பதில் வரும். சில நாட்களில் அது உண்மை. ஆண்டு முழுவதற்கும் டீசல் சீட்டுகளை எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தவர்கள் பெரிய என்ஜினுக்கு அவசரப்பட மாட்டார்கள். எந்த என்ஜினானாலும் அதன் உதிரிபாகமும் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் உங்கள் துறைமுகத்திலேயே இருக்க வேண்டும்.

கலத்தை எதில் கட்டியிருக்கிறார்கள் என்பது இன்று பெரும்பாலும் ஃபைபரா, மரமா, இரும்பா என்ற கேள்வி. சிறு படகில் ஃபைபர் வென்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்த மாற்றத்தை ஒரே பாய்ச்சலில் முடித்துவைத்தது. தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தன. கரையோரமெங்கும் படகு வார்க்கும் பட்டறைகள் முளைத்தன. தரம் பட்டறைக்குப் பட்டறை மாறியது. கட்டுமரத்தில் கூலிக்குப் போனவர்கள் படகுச் சொந்தக்காரர்கள் ஆனார்கள், அது நல்லது. ஆனால் படகுகள் பெருகிய அளவுக்கு ஆள் பெருகவில்லை, மீனும் பெருகவில்லை. இலவசமாக வந்த படகுகூடக் கரைக்கும் ஆளுக்கும் பொருந்தாவிட்டால் நிற்காது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

ஃபைபர் படகில் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது மேல்பூச்சு மட்டுமே. உள்ளே எத்தனை அடுக்கு இழைப்பாய், எவ்வளவு ரெசின், எப்படி இறுகியது என்பது மறைந்திருக்கும். புதிதாக வார்க்கச் சொல்கிறவர் அடுக்கு போடும் நாளில் பட்டறையில் இருக்க வேண்டும். போல்ட்டுக்கோ தண்டுக்கோ துளை போடும்போது வெட்டி எடுக்கும் வட்டத் துண்டை எறியவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். சுவரின் பருமனும் அடுக்குகளும் அதில் அப்படியே தெரியும். வார்த்துப் பல நாளாகியும் ரெசின் நெடி மூக்கைத் துளைத்தால் சரியாக இறுகவில்லை என்று பொருள். பழைய படகானால் சிறு சுத்தியலால் அடிப்புறம் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்ற ஒலி நடுவில் மந்தமானால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது, அல்லது நீர் புகுந்திருக்கிறது. என்ஜின் மாட்டும் பின்சுவரில் ஃபைபருக்குள் பொதிந்த மரம் போல்ட் துளை வழியே நீர் குடித்து உளுத்துப் போவது வழக்கம். அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

மரப் படகில் கத்தி முனையே ஆய்வாளர். படகின் அடிமரமான ஏராவிலும், விலாச்சட்டங்களான வங்குகள் ஏராவோடு சேரும் இடங்களிலும் முனையை அழுத்தினால் நல்ல மரம் எதிர்க்கும், உளுத்தது உள்வாங்கும். ஆணித்தலைகளைச் சுற்றித் துருக்கறை ஓடியிருக்கிறதா, பலகை இடுக்கில் அடைக்கும் கலப்பற்று புதிதாகத் திணித்ததா, கப்பல்புழு துளைத்த சிறு ஓட்டைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். பழைய மரத்தின்மேல் அண்மையில் ஃபைபர் போர்த்தி, பளிச்சென்று வண்ணமும் அடித்திருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. நல்ல மரத்துக்குப் போர்த்தினால் காப்பு. உளுத்த மரத்துக்குப் போர்த்தினால் அது மறைப்பு, உள்ளே சிக்கிய ஈரம் மிச்சத்தையும் தின்னும். இரும்புப் படகில் தகட்டின் பருமனை ஒலி அலைக் கருவியால் அளக்கலாம். துத்தநாகக் கட்டிகள் தேய்ந்த நிலை, படகு எவ்வளவு பராமரிக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடும்.

பழைய படகு பார்க்கத் தடைக்காலத்தைவிட நல்ல பருவம் இல்லை. படகு கரையேறி நிற்கும். நீருக்கடியில் இருக்கும் பகுதி முழுக்கத் திறந்து கிடக்கும். கொட்டலசும் பாசியும் சுரண்டுமுன் பார்ப்பது இன்னும் மேல். விலை பேசி முடித்தாலும் வெள்ளோட்டம் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது. நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்; ஆறிய என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் சேதி. கரும்புகை நிற்காமல் வந்தால் சுமை மிகுதி, அல்லது சுழலி பொருந்தவில்லை, அல்லது காற்றோ எரிபொருள் தெளிப்போ சரியில்லை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் பார்க்கும் கம்பியில் பால் போன்ற கலங்கல் தெரிந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பனிக்கட்டியும் வலையும் ஏற்றிய எடையோடு ஒரு மணி நேரமாவது கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் படகு எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

ஆட்களைப் பற்றி விலை பேசும் இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. டீசல், பனிக்கட்டி, சாப்பாடு போக மிஞ்சுவதைப் படகுக்கு இத்தனை பங்கு, ஆட்களுக்கு இத்தனை பங்கு என்று பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும். அதில் உங்கள் ஊர் வழக்கம் எதுவோ அதை வைத்தே கணக்கு போட முடியும். விசைப்படகில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. டிரைவருக்கும் ஆட்களுக்கும் முதலாளி முன்பணம் கொடுத்துத்தான் கூட்டிவருகிறார். படகு கைமாறும்போது அந்த ஆட்கள் உங்களோடு வருவார்களா, பழைய முன்பணத்தை யார் தீர்ப்பது என்பது முடிவாக வேண்டும். நல்ல டிரைவர் இல்லாத நல்ல படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்.

இனிப் பணம். கரையில் எளிதாகக் கிடைப்பது வியாபாரியின் முன்பணம். அதற்கு வட்டி என்று ஒன்றும் பேசுவதில்லை. மீன் முழுவதும் அவர் வழியாகவே ஏலம் போக வேண்டும், ஒவ்வொரு ஏலத்திலும் கமிஷன் பிடித்துக்கொள்வார் என்பதே நிபந்தனை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5 லட்ச ரூபாய் முன்பணம் வாங்கிய படகு ஆண்டுக்கு 10 லட்ச ரூபாய்க்கு மீன் இறக்குகிறது என்று கொள்வோம். கமிஷன் நூற்றுக்கு 8 என்றால் ஆண்டுக்கு 80,000. முதலுக்கு அது 16 விழுக்காடு வட்டி. கட்டுப்பட்ட மீனுக்கு விலை நூற்றுக்கு 5 குறைந்தால் இன்னும் 50,000. வட்டி 26 விழுக்காடாகிறது. இத்தனையும் கட்டியபின் முதல் அப்படியே 5 லட்சமாக நிற்கிறது. கமிஷன் லாபத்திலிருந்து போவதில்லை, மொத்த விற்பனையிலிருந்து போகிறது. டீசலுக்கே கட்டுபடியாகாத நாளிலும் அது போய்க்கொண்டிருக்கும்.

அதற்காக வியாபாரியை வெறும் சுரண்டல்காரராகக் காட்டும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. நள்ளிரவில் என்ஜின் உடைந்தால் விடியுமுன் பணம் தருவது அவர்தான். பிள்ளையின் மருத்துவச் செலவுக்கும் கொடுப்பார். மீன் இல்லாத மாதத்தில் அவருக்கும் கமிஷன் இல்லை, பொறுத்திருக்கிறார். வங்கித் தவணையோ தடைக்காலம் என்றும் புயல் என்றும் பார்க்காமல் மாதா மாதம் வந்து நிற்கும். மீனவர் வங்கிக் கடனைக் கட்டத் தவறுவதில் பெரும்பங்கு இந்தப் பொருந்தாமையால் வருவது. வங்கியின் குறைந்த வட்டியும் வியாபாரியின் பொறுமையும் ஒன்றாகக் கிடைக்க வழியில்லையா என்றால், இருக்கிறது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு குமரி மாவட்டம் வரை அதைச் செய்து காட்டியது. ஊர்ச் சங்கமே கரையில் மீனை ஏலம் விடும். ஒவ்வொரு நாளின் விற்பனையிலும் ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடித்துக்கொள்ளப்படும். மீன் வந்தால் கடன் கரையும், வராத நாளில் நெருக்குதல் இல்லை. முட்டத்தில் அவர்கள் படகு கட்டும் தளமும் நடத்தி, ஒட்டுப்பலகைப் படகுகளைப் பரப்பினார்கள். படகு வாங்கக் கடன் தருகிற எந்த அமைப்பும் தவணையை மாதக் கணக்கில் வைக்காமல் பிடிபட்ட மீனின் பங்காக வைக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

அரசு மானியம் இருக்கிறது. 2020இல் தொடங்கிய பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பயனாளி சார்ந்த இனங்களுக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடும் மானியம். மானியம் விலையைக் குறைக்கும். படகின் பொருத்தத்தை அது தராது. பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்ற 2017இல் வந்த திட்டத்தில் ஒரு படகின் மதிப்பு 80 லட்சம். அதில் மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. இறங்கியவை அதில் சிறு பங்கே. இரவு போய்க் காலையில் திரும்பும் தொழிலில் பழகியவரிடம், வாரக்கணக்கில் கடலில் தங்கும் படகைக் கொடுத்தார்கள். ஆயிரங்கால் தூண்டில் பழக்கம் வேண்டும், பெரிய குளிர்கிடங்கு வேண்டும், சூரைக்கு விலை தரும் சந்தை வேண்டும், ஆழமுள்ள துறைமுகம் வேண்டும். குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்களுக்கு அந்தத் தொழில் தலைமுறை அறிவு. ராமேசுவரத்துக்கு அது புதிது. நோக்கம் நல்லதாக இருந்தும், படகு முதலிலும் தொழில் பிறகும் என்ற வரிசை தவறிப்போனது.

ஆழ்கடலுக்குப் போகிறவர் உயிர்காப்புக் கருவிகளின் விலையைப் படகின் விலைக்குள்ளேயே சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, நடுக்கடலில் இருந்த குமரிப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததே பேரிழப்புக்குப் பெரிய காரணம். கைபேசியும் விஎச்எஃப் கருவியும் கரையை ஒட்டிய தூரத்துக்கு உதவும், அதற்கப்பால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பிப் பெறும் கருவி வேண்டும். படகில் எத்தனை பேரோ அத்தனை மிதவைச் சட்டை.

கடைசியாகக் காகிதம். மீன்வளத் துறையின் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், காப்பீடு, என்ஜின் ரசீது, வங்கியின் பாக்கியின்மைச் சான்று எல்லாம் விற்பவர் பெயரில் சரியாக இருக்கின்றனவா, சான்றில் உள்ள நீளமும் குதிரைத்திறனும் நேரில் பார்க்கும் படகோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வரிவிலக்கு டீசலும் மானியமும் பதிவோடு ஒட்டியவை. பெயர் மாறாத படகுக்கு அவை வராது. பாக் நீரிணையில் இதன் கனம் இன்னும் அதிகம். இலங்கைக் கடற்படை பிடித்த படகை மீட்க, உரிமையாளர் ஆவணங்களோடு அங்குள்ள நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய படகுக்கு அங்கே உரிமை கோர ஆளிருக்காது.

மீன்வளத் துறை தடைக்காலத்தில் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்கிறது. நீளம், என்ஜின், பதிவு, பாதுகாப்புக் கருவி எல்லாம் அப்போது பார்க்கப்படுகின்றன. அதோடு ஏராவின் நிலையையும் அடுக்கின் நிலையையும் ஒரு தச்சரை வைத்துப் பதிந்து, வாங்க வருகிறவர் கேட்டால் அந்த அறிக்கையின் நகலைக் கொடுக்கும் வழக்கம் வர வேண்டும். இதற்குப் புதிய துறை ஒன்றும் தேவையில்லை. ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் இடையே படகும் அதிகாரியும் தச்சரும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே கரையில்தான் இருக்கிறார்கள்.